எட்டாவது குறை

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள் அண்ணாச்சி, எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. நான் வீரவநல்லூரில் இறங்குகிறவன். வழக்கமாக பஸ்ஸில் யாரிடமும் வாய் திறப்பதில்லை. இருபத்தாறு வருஷம் ஐந்து மாதமாக இதே தடத்தில் போய் வருகிறேன். கண்டக்டர்கள் பதினான்கு பேர் மாறிவிட்டார்கள், ஒருத்தர் பெயரும் எனக்குத் தெரியாது. இன்றைக்குப் பேசுகிறேன் என்றால் காலையிலிருந்து வயிற்றைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான். பித்தம் இல்லை. அருவருப்பு. வேறு வார்த்தை எனக்கு அகப்படவில்லை.

வரிசைப்படி சொல்கிறேன். முன்னால் நடந்ததை முன்னால், பின்னால் நடந்ததைப் பின்னால். நடுவில் தாண்டிப் போவது எனக்குப் பிடிக்காது.

என் பெயர் தவசிமணி. வயது ஐம்பத்தேழு. எட்டாவது வரைக்கும் படித்தேன். திருநெல்வேலியில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கவுண்டரில் இருந்தேன். காலை ஏழு மணிக்குக் கண்ணாடியைத் திறந்தால் எட்டரைக்குள் நூற்றிருபது டோக்கன். நூற்றிருபத்தொன்று என்று ஒன்று என் காலத்தில் கிடையாது. கவுன்சிலர் வீட்டு ஆள் வந்து நின்றபோதும் கிடையாது, என் சொந்தச் சித்தப்பா வந்து நின்றபோதும் கிடையாது. சித்தப்பா அதற்குப் பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை. ஏறாவிட்டால் போகட்டும்.

போன ஆவணியில் வாசலில் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். விரலால் தொட்டால் சீட்டு வரும். மேலே போர்டில் நம்பர் ஓடும், பெண் குரல் கூப்பிடும். அது தப்புச் செய்யும், பிடித்துவிடலாம் என்று மூன்று நாள் பக்கத்திலேயே நின்று எண்ணினேன். தப்பவில்லை.

நான்காம் நாள் மேனேஜர் எங்கள் நாற்பத்தோரு பேரையும் மாடிச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டார். "எண்ணுறது, எழுதுறது, கூப்பிடுறது எல்லாம் இனிமே மெஷின் பாத்துக்கிடும். மெஷினால முடியாதது ஒண்ணே ஒண்ணுதான். மனுசங்ககிட்ட மனுசனாப் பேசுறது. வரப்போற காலத்துல வேலைன்னா அதுதான் வேலை. அதை நாம படிக்கணும். ரிட்டயர் ஆகுற அன்னைக்குவரை படிச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார்.

கேட்டீர்களா? ஐம்பத்தேழு வயதுக்காரன் மனுசனாக இருப்பதற்குப் படிக்க வேண்டுமாம்.

ஆறு கவுண்டரையும் எடுத்துவிட்டு, வாசலில் ஒரே ஒரு உதவி மேஜை. ஒரு நாற்காலி. ஆறு சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் அதில் யார் என்று சொல்வார்கள். மற்றவர்களுக்கு ஃபைல் அறை, துணி அறை, எங்கே ஆள் குறைகிறதோ அங்கே. அந்த நாற்காலி எனக்குத்தான் வரவேண்டும். கவுண்டரில் இருந்த ஆறு பேரில் நான்தான் மூத்தவன். அடுத்தது முப்பிடாதி. அவள் பதினோரு வருஷமாக என் பக்கத்துக் கண்ணாடியில் பதிவு போட்டவள். பதினோரு வருஷத்துக்கும் இருபத்தாறு வருஷத்துக்கும் உள்ள கழித்தலைப் போட எட்டாவது வேண்டாம், மூன்றாவது போதும்.

பயிற்சி கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து எஸ்தர் மேடம் என்று ஒருத்தர் வந்தார். வயது முப்பத்திரண்டு இருக்கும். நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் செய்யச் சொன்ன காரியங்கள்! முதல் சனிக்கிழமை எல்லோரையும் வட்டமாக நிறுத்திக் கையைக் கோத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு இடது பக்கம் கேண்டீன் ஆள். அப்போதுதான் உளுந்தவடை போட்டுவிட்டு வந்திருந்தார். பதினொரு நிமிஷம் அந்த எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றேன். வீட்டுக்குப் போய் மூன்று தடவை சோப்புப் போட்டேன்.

இரண்டாம் சனிக்கிழமை பலூன். மூன்றாம் சனிக்கிழமை ஆளுக்கொரு முகம் பார்க்கிற கண்ணாடி கொடுத்துச் சிரிக்கச் சொன்னார்கள். பல்லைக் காட்டச் சொல்லிக்கொடுப்பதற்குக் கோயம்புத்தூரிலிருந்து ஆள்! நடுவில் மஞ்சள் துண்டுத் தாள் ஒன்று கொடுத்து, "இன்னைக்கு உங்க மனசு என்ன நிறத்துல இருக்கு, எழுதுங்க" என்றார். நான் 'வெள்ளை' என்று எழுதினேன். யூனிஃபார்ம் வெள்ளை, வேறு என்ன எழுத? அன்றைக்கு வரைக்கும் 'உணர்வு' என்ற சொல்லை எண்பத்தேழு தடவை சொன்னார். நோட்டில் கோடு போட்டு எண்ணினேன்.

மற்றவர்கள் எல்லாம் குதித்துக்கொண்டும் கைதட்டிக்கொண்டும் இருந்தார்கள். வயது வந்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். பார்க்கவே கூசியது.

இதை எல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். நான்காம் சனிக்கிழமை நடந்ததுதான் விஷயம்.

அன்று நடிப்பு. கவுண்டர் ஆள் நோயாளியாக நடிக்க வேண்டும், இன்னொருத்தர் கவுண்டர் ஆளாக நடிக்க வேண்டும். டப்பாவில் கைவிட்டு ஆளுக்கொரு சீட்டு எடுத்தோம். என் சீட்டில், 'கடையத்துக்கு அந்தப் பக்கம் கிராமம். முதல் பஸ்ஸைத் தவறவிட்டு, டோக்கன் முடிந்த பிறகு வருகிறீர்கள். ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் வலி' என்று இருந்தது. எதிரே கவுண்டர் ஆளாக முப்பிடாதி. மேஜை போட்டு, ஒரு சார்ட் அட்டையை முன்னால் கண்ணாடி மாதிரி நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு நடிக்க வராது. நாலு பேர் பார்த்தால் என் கை எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோகும். இருந்தாலும் கொடுத்த வேலையைக் குறையில்லாமல் செய்ய வேண்டும் இல்லையா? கைக்குட்டையை மடித்து ஒரு கண்ணில் கட்டிக்கொண்டேன். மேஜை முன்னால் போய் நின்றேன்.

"அம்மா, டோக்கன் வேணும்."

அவள் தலை நிமிரவில்லை. நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தாள். நான் நின்றேன். மறுபடியும், "அம்மா" என்றேன்.

பேனாவால் மேஜையில் இரண்டு தட்டு. "முடிஞ்சுட்டு."

"பஸ்ஸு தப்பிட்டும்மா. கண்ணு ரொம்ப வலிக்கி."

"மணி என்ன?"

"எட்டு முப்பத்தேழு."

"போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"கண்ணு தெரியலம்மா…"

"தெரியுதவங்களக் கூட்டிட்டு வாங்க." அட்டையைப் படக்கென்று இறக்கி மூடிவிட்டாள்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. கேண்டீன் ஆள் மேஜையைத் தட்டிச் சிரிக்கிறார். துணி அறையில் இருக்கிற பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். எஸ்தர் மேடமும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை அண்ணாச்சி. நடிப்புதான், தெரியும். என் கண்ணில் வலி இல்லை, தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் நான் ஒரு பூச்சி மாதிரி நின்றேன். நடிப்புக்கே இப்படி என்றால், நிஜமாகவே வலியோடு, நிஜமாகவே பஸ்ஸைத் தவறவிட்டு வருகிற ஒருத்தருக்கு எப்படி இருக்கும்? எனக்கு ரத்தம் கொதித்தது.

மேடம் பக்கத்தில் வந்து, "தவசிமணி அண்ணாச்சி, என்ன உணர்ந்தீங்க?" என்றார். என் கணக்கில் எண்பத்தெட்டு.

நான் சத்தம் போட்டுப் பேசுகிறவன் இல்லை. அன்றைக்குப் போட்டேன். "மேடம், இந்த மாதிரி ஒரு ஆள் கவுண்டர்ல உக்காரவே கூடாது. இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பணும். இருபத்தாறு வருஷத்துல இப்படி ஒரு ஆளை நான் கண்ணால கண்டதில்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. முப்பிடாதி அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். செய்தது தப்பு என்று உறைத்துவிட்டது, நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் மெதுவாக, "அண்ணாச்சி, அவங்க யாரை மாதிரி நடிச்சாங்கன்னு உங்களுக்குத் தோணுது?" என்றார்.

"எங்க ஊர் ரேசன் கடையில முன்னாடி ஒருத்தன் இருந்தான் மேடம். அசல் அவனேதான்" என்றேன்.

மேடம் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். டீ இடைவேளையில் ஒருத்தரும் என் பக்கம் வரவில்லை. ஒரு பெரியவர் நியாயத்தைப் பேசிவிட்டார், மரியாதையாகத் தள்ளி நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு பிஸ்கட் வைத்திருந்தார்கள், இரண்டையும் சாப்பிட்டேன்.

ஆறாம் சனிக்கிழமை முடிந்தது. திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியிருந்தார்கள். 'உதவி மேஜை: முப்பிடாதி.' என் பெயருக்கு நேரே, 'முடிவு பிறகு.'

நீங்களே சொல்லுங்கள். இல்லை, இருங்கள், நான் முடித்துவிடுகிறேன். நாற்பத்தோரு பேர் முன்னால் ஒரு நோயாளியை அப்படி விரட்டினவளுக்கு நாற்காலி. விரட்டுவது தப்பு என்று எழுந்து நின்று சொன்னவனுக்கு 'முடிவு பிறகு'. இதற்குத்தானா பலூன் ஊதினோம்?

அன்றைக்கு மத்தியானமே மனு எழுதினேன். முழுநீளத் தாளில், கோடு போட்டு, இடது பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு. 'கீழ்க்கண்ட ஏழு குறைகள் உள்ள ஒருவர் நோயாளிகள் முன் அமர்வது பொருந்தாது.' ஒன்று, வந்தவரைத் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. இரண்டு, முதல் தடவை கூப்பிட்டால் காதில் வாங்குவதில்லை. மூன்று, வாயால் சொல்ல வேண்டியதைப் பேனாவால் தட்டிச் சொல்கிறார். நான்கு, கேள்விக்குக் கேள்வியையே பதிலாகக் கொடுக்கிறார். ஐந்து, கண் தெரியாதவரைப் போர்டைப் படிக்கச் சொல்கிறார். ஆறு, வலி என்று சொல்லும்போது மணி கேட்கிறார். ஏழு, ஆள் நிற்கும்போதே முகத்துக்கு நேரே கண்ணாடியை மூடுகிறார். கீழே, 'பெயர்: முப்பிடாதி' என்று கொட்டை எழுத்தில் எழுதி அடியில் கோடு போட்டேன்.

மேனேஜர் முழுக்கப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். "இது நீங்களே எழுதினதா?"

"ஆமா சார். வேற யாரும் சொல்லிக்கொடுக்கல."

"இந்த ஏழும் உண்மைதானா?"

"ஒரு எழுத்துக் குறையாது சார்."

"இப்படி இருக்கிற ஒருத்தர் மேஜையில உக்காரக் கூடாது. அதுதானே நீங்க சொல்றது?"

"அதேதான் சார்."

பிறகு பச்சை மையில், 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சந்தோஷம். நியாயம் இன்னும் சாகவில்லை என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன், இதே இருக்கையாகக்கூட இருக்கும்.

மறுநாள் உத்தரவு வந்தது. முப்பிடாதி மேஜையிலேயே இருக்கிறாள். என்னை ஃபைல் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட மனு என்னுடையது, தூக்கி எறியப்பட்டதும் நான்!

ஃபைல் அறையில் ஜன்னல் இல்லை. பழைய அட்டை நாற்றம், பல்லி எச்சம். மூன்று வாரம் அங்கே உட்கார்ந்து யோசித்தேன், கணக்கு நேர்படவில்லை. சரி, பெரிய டாக்டரையே பார்த்துவிடுவது, ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர் அவர்தானே என்று இன்று ஒரு நாள் லீவு எழுதிக்கொடுத்தேன். பணியாளராக இருந்தாலும் அவரைப் பார்க்க மெஷினில்தான் சீட்டு எடுக்க வேண்டும். எடுத்தேன். அறுபத்துநான்கு. மனுவின் நகலை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒரு கிழவி. எழுபது இருக்கும். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். "ஏய்யா, அறுபத்திமூணு வந்துட்டா? மருந்து விட்டதுல போர்டு மங்கிட்டு" என்றாள். "இப்ப அம்பத்திரண்டு" என்றேன். பேச்சை அத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அவள் விடவில்லை. "நீரு எதுக்குய்யா வந்திருக்கீரு? கண்ணு நல்லாத்தான இருக்கு?" என்றாள். மூன்று வாரமாக ஃபைலோடு மட்டும் இருந்தவன் நான். சொல்லிவிட்டேன். சொன்னது மட்டும் இல்லை, மனுவை எடுத்து, ஒவ்வொரு குறையாகப் பேனாவால் தொட்டுத் தொட்டு வாசித்தும் காட்டினேன்.

மூன்றாவது வந்தபோது அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஏழாவது வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மருந்தா சிரிப்பா தெரியவில்லை.

"ஏய்யா, இந்த மெஷினு வாரதுக்கு முந்தி டோக்கன் குடுப்பாருல்லா, அவரத்தான சொல்லுதீரு?"

நான் மனுவை மடித்தேன்.

"ஒம்பது வருசமா வாரேன். அவரு முகத்த ஒருநாளும் பாத்ததில்ல. அவரு நிமிந்தாத்தான? உச்சந்தலையில உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. அதத்தான் எனக்குத் தெரியும்."

எனக்குத் தலையைத் தொட வேண்டும் போலிருந்தது. தொடவில்லை.

"கெட்டவருன்னு சொல்ல மாட்டேன்யா. நம்பரு தப்பாது. காசுக்காரன் வந்தாலும் ஒண்ணுதான், நான் போனாலும் ஒண்ணுதான். ஆனா நீரு ஒண்ண விட்டுட்டீரே."

"எதை?"

"வழி கேட்டா வாயத் தொறக்க மாட்டாரு. பேனாவத்தான் நீட்டுவாரு. கண்ணாஸ்பத்திரிக்கு வாரவளுக்குப் பேனா எந்தப் பக்கம் நீட்டுதுன்னு எப்படித் தெரியும்? சரின்னு தலையாட்டிட்டு, சுவத்தத் தடவிக்கிட்டே போவேன். ஒரு தடவ ஆம்பளைங்க கக்கூசுக்குள்ள போயிட்டேன்." அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அது கிடக்கட்டும். பொம்பளைங்களுக்கு எந்தப் பக்கம்யா?"

அண்ணாச்சி, என் கை எழுந்தது. நான் எழுப்பவில்லை, அதுவாக எழுந்தது. கையில் பேனா இருந்தது. இடது பக்கம் காட்டியது.

அவள் பேனாவைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்க்கிறதாக நினைத்து, ஒரு சாண் தள்ளி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்கய்யா?" என்றாள்.

போர்டில் அறுபது.

எழுந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை பிசுபிசுவென்று இருந்தது, மருந்தும் கண்ணீரும். முப்பத்தெட்டு அடி, இரண்டு திருப்பம், ஒரு படி. அங்கே ஒரு படி இருப்பது எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் எனக்கு என்ன வேலை? நான்தான் தடுக்கினேன், "பைய வாரும், படி இருக்குல்லா" என்று அவள்தான் என்னைப் பிடித்தாள். வெளியே நின்று காத்திருந்து திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தேன். போர்டில் அறுபத்தேழு.

முப்பிடாதி மேஜையிலிருந்து பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். "பெரியம்மா, ஒங்க நம்பரு போயிட்டா? ஒண்ணுமில்ல, வாங்க" என்று கிழவியை உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். "அண்ணாச்சி, நீங்களும் போங்க. டாக்டர்ட்ட நான் சொல்லுதேன்."

"நம்பர் தாண்டிட்டு" என்றேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "அன்னைக்கு நான் செஞ்சது விளையாட்டுக்குத்தான் அண்ணாச்சி. மனசுல வச்சுக்கிடாதீங்க."

"நல்லாத்தான் செஞ்ச" என்றேன். "ஒண்ண விட்டுட்ட."

வந்துவிட்டேன். அந்தப் பலூனும் கண்ணாடியும் அசிங்கம்தான், அதை இப்போதும் சொல்வேன், நாளைக்கும் சொல்வேன். ஆனால் மனு தப்பு. தப்பான மனுவை நான் யாருக்கும் கொடுத்ததில்லை, இதைக் கொடுத்துவிட்டேன், பச்சை மையில் கையெழுத்தும் ஆகிவிட்டது. அதுதான் குமட்டுகிறது. திருத்திக் கொடுக்க வேண்டும். ஏழு குறையை எட்டாக்குவது சுலபம், கடைசியில் ஒரு வரி சேர்த்தால் போதும். பெயர் இருக்கிற இடம்தான் சிரமம். கொட்டை எழுத்தில் எழுதி அடியில் கோடும் போட்டிருக்கிறேன். அதை அடித்துவிட்டு மேலே வேறு பெயரை எழுதினால் பார்க்க நன்றாக இருக்காது. முதலிலிருந்து புதிதாகத்தான் எழுத வேண்டும்.

வீரவநல்லூர் வந்துவிட்டது. ஸ்டாப்புக்கு எதிரே ஒரு கடையில் முழுநீளத் தாள் கிடைக்கும். ஒரு மணிக்குச் சாத்திவிடுவான், இப்போது பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. வருகிறேன் அண்ணாச்சி.